பழைய உடுப்பு அலுமாரியைக் குசினி அலுமாரியாக மாற்றுவது எப்படி?

வேலை தொடங்க முன் அலுமாரிக்குள் தலையை விட்டு முகர்ந்து பாருங்கள். பலகை இத்துப்போனதும் கறையான் ஏறியதும் கண்ணுக்குத் தெரியும். வருடக்கணக்காகப் போட்ட பூச்சி உருண்டையின் மணம் பலகைக்குள் ஊறிக் கிடப்பது தெரியாது. அப்படியே அரிசியையும் மாவையும் அடுக்கினால் பிட்டிலும் அந்த மணம் வரும். சாதாரண பெயின்ற் அதை மறிக்காது.

எனவே முதல் வேலை மணத்தைப் போக்குவது. கதவு, லாச்சி, தட்டு எல்லாவற்றையும் கழற்றி, வெயிலும் காற்றும் படக் குறைந்தது ஒரு கிழமை வையுங்கள். கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்கள் இதற்குத் தோது. பிறகு 120 நம்பர் சாண்ட் பேப்பரால் உள்பக்கம் முழுவதும் தேயுங்கள். பழைய பெயின்ற் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, முகக்கவசமும் போடுங்கள்.

இனி அரக்குப் பூச்சு (ஷெல்லாக்). 100 கிராம் அரக்குச் சீவலை அரை லீற்றர் மெதிலேற்றட் ஸ்பிரிட்டில் போட்டு மூடி, ஓர் இரவு ஊறவிட்டு, துணியில் வடியுங்கள். மெல்லிய தூரிகையால் இரண்டு தரம் பூசுங்கள். மூலை, பலகை வெட்டுமுகம், லாச்சியின் அடிப்பக்கம் தவறக்கூடாது. மணத்தை உள்ளேயே அடைத்து வைப்பது இந்தப் பூச்சுத்தான். மழை நாளில் பூசினால் காற்றின் ஈரம் பிடித்து வெள்ளையாகப் பூத்துவிடும். மாரி காலத்தில் இந்த வேலையில் இறங்காதீர்கள். காய்ந்த நாளில், காலை பத்து மணிக்குப் பிறகு பூசுங்கள். ஸ்பிரிட் சட்டெனத் தீப்பிடிக்கும். அடுப்புப் பக்கம் வேண்டாம்.

பின்பலகை ஹாட்போட் என்றால் யோசிக்காமல் கழற்றி எறியுங்கள். நம் வாவிக்கரை ஊர்களின் ஈரத்தில் அது உப்பி, பூஞ்சணம் பிடிக்கும். அந்த இடத்துக்குச் சிறுகண் துருப்பிடிக்காத கம்பி வலை அடியுங்கள். காற்றோட்டம் இல்லாத அலுமாரியில், டப்பா இறுக மூடாவிட்டால் மிளகாய்த்தூள் கட்டிபடும்.

உடுப்புத் தட்டு குசினிப் பாரத்துக்குச் செய்ததல்ல. மூன்றடி அகலத் தட்டில் தேங்காயும் பருப்புப் போத்தலும் அடுக்கினால் நடுவில் தொய்யும். 18 மில்லிமீற்றர் பிளைவுட் போட்டு, இரு பக்கமும் பின்னும் ஓரங்குலச் சட்டம் கொடுத்து, முன்விளிம்பின் அடியில் இரண்டங்குலச் சட்டம் ஒன்றை நிறுத்தித் திருகுங்கள். தட்டின் ஆழம் 14 அங்குலம் போதும். அதற்கு மேல் போனால் பின்னால் இருக்கும் சாமான் மறந்து காலாவதியாகிவிடும். 25 கிலோ அரிசி மூட்டை எப்போதும் அடித்தட்டில்தான்.

உப்புக் காற்றில் இரும்புத் திருகாணி கறள் பிடிக்கும், பித்தளை போடுங்கள். முதிரை, பாலை போன்ற வைரமரத்தில் பித்தளையை நேரே ஏற்றினால் தலை முறியும். துளை போட்டு, அதே அளவு இரும்புத் திருகாணியை ஒருமுறை ஏற்றிக் கழற்றி, பிறகு சவர்க்காரம் தடவிய பித்தளையை ஏற்றுங்கள்.

நிறுத்தும்போது சுவருக்கும் அலுமாரிக்கும் ஒன்றரை அங்குலம் இடைவெளி விடுங்கள். மேல்பக்கத்தை இரண்டு எல் தகடுகளால் சுவரோடு பிணையுங்கள். சின்னப்பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைத் தவிர்க்கவே கூடாது, கதவில் தொங்கினால் அலுமாரி முன்னால் சாயும்.

எறும்புக்குக் காலின் கீழ் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது நம் வீடுகளின் வழக்கம்தான். ஆனால் மரக்கால் தண்ணீரில் நின்றால் அடியிலிருந்து ஊறி இத்துப்போகும். கிண்ணத்துக்குள் தட்டையான கருங்கல்லை வைத்து, தண்ணீர் மட்டத்துக்கு மேல் அதன்மேல் காலை நிறுத்துங்கள். தண்ணீரில் சவர்க்காரம் கரைத்து, கிழமைக்கு இரண்டு தரம் ஊற்றிக் கழுவி மாற்றுங்கள். விட்டால் டெங்கு நுளம்பு அதில்தான் முட்டையிடும்.