உசுவாயாவில் கப்பல் ஏறுமுன்

அண்டார்டிகா கப்பல் கிளம்பும் நாளன்றே, அது புறப்படும் அர்ஜென்டினாவின் தென்கோடி ஊரான உசுவாயாவில் போய் இறங்கத் திட்டமிடாதீர்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. இரண்டு நாள் முன்பே போய்விடுங்கள்.

பலர் மாட்டிக்கொள்வது வழியில் விமானம் மாறும் தலைநகர் புவெனஸ் ஐரிஸில்தான். வெளிநாட்டு விமானம் பெரும்பாலும் நகருக்கு வெளியே உள்ள எசெய்சா விமான நிலையத்தில் இறங்கும்; உசுவாயா விமானமோ பல சமயம் நகருக்குள் உள்ள ஏரோபார்க்கேயிலிருந்து கிளம்பும். நடுவே சாலையில் ஒரு மணி நேரம், நெரிசல் என்றால் இரண்டுகூட ஆகும். குடியேற்றச் சோதனை, பெட்டி எடுப்பது எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். தனி டிக்கெட் என்றால் உள்நாட்டு விமானத்தில் பெட்டிக்கு 15 கிலோதான் அனுமதி என்றும் இருக்கும், முன்பே பாருங்கள்.

மருந்து, வாட்டர்ப்ரூஃப் பேன்ட், கையுறை, ஒரு செட் தெர்மல் உள்ளாடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பின்தங்கிய பெட்டியை, அண்டார்டிகா போகும் வழியில் உள்ள டிரேக் கடலுக்குள் யாரும் கொண்டுவந்து தர மாட்டார்கள்.