பள்ளியில் கீரைப் பாத்தி: முதல் தடவை போடும் ஆசிரியர்களுக்கு

மதியச் சாப்பாட்டில் சாம்பாரில் கிடக்கும் கீரையைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கும் பிள்ளைகளை நாம் தினமும் பார்க்கிறோம். கீரையில் இரும்புச்சத்து இருக்கிறது என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதிப்போட்டாலும் அது மாறாது. தானே விதை தூவி, தானே தண்ணீர் ஊற்றி வளர்த்த கீரை என்றால் ஒரு வாயாவது சாப்பிட்டுப் பார்ப்பார்கள். அதனால் தோட்டம் போட நினைத்தால் தக்காளி, கத்தரி என்று போகாமல் கீரையில் தொடங்குங்கள். தக்காளி பழுக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும், இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அவ்வளவு பொறுமை ஏது? சிறுகீரையும் வெந்தயக்கீரையும் ஏறக்குறைய 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும்.

1. இடம். நல்ல வெயில் விழ வேண்டும், குழாய் பக்கத்தில் இருக்க வேண்டும். பாத்தி 3 அடி அகலத்தைத் தாண்ட வேண்டாம். நடுப்பகுதி வரை கை எட்டவில்லை என்றால் பிள்ளைகள் உள்ளே இறங்கி மிதித்துவிடுவார்கள். சிமெண்ட் தரைதான் இருக்கிறதா, பழைய அரிசிச் சாக்கில் ஓட்டை போட்டு மண் நிரப்பினாலும் போதும்.

2. மண். கொத்திக் கட்டி உடைத்து, இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய தொழுஉரம் கலக்கவும். பச்சைச் சாணம் வேண்டவே வேண்டாம்.

3. விதைப்பு. இங்கேதான் பலருக்கும் தவறுகிறது. சிறுகீரை விதை கடுகைவிடச் சின்னது, கறுப்பாக மினுமினுவென்று இருக்கும். அப்படியே பிள்ளைகள் கையில் கொடுத்தால் ஒரே இடத்தில் கொட்டிவிடும், அப்புறம் அங்கே மட்டும் புல் மாதிரி நெருக்கமாக முளைத்து மெலிந்து சாயும். ஒரு பிடி விதைக்கு நாலைந்து பிடி காய்ந்த மணல் கலந்து, ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்துத் தூவச் சொல்லுங்கள். மேலே மெல்லிசாக மண் தூவி, பூவாளியில் தண்ணீர் தெளிக்கவும். பூவாளி இல்லையா, தண்ணீர் பாட்டில் மூடியில் ஊசியால் ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். எறும்பு விதையைத் தூக்கிப்போகும், அதனால் பாத்தியைச் சுற்றிச் சாம்பல் போட்டுவையுங்கள்.

4. பராமரிப்பு. தண்ணீர் ஊற்றும் முறையைப் பெயர் எழுதி வகுப்பில் ஒட்டுங்கள். வேலையைக் காவலாளி அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டால் தோட்டம் நன்றாகத்தான் வரும், ஆனால் பிள்ளைகளுக்கு அது யாருடைய தோட்டமோ ஆகிவிடும். கோணல்மாணலாகக் களை எடுத்தாலும் அவர்களே எடுக்கட்டும். இலையில் ஓட்டை தெரிந்தால் இலையைத் திருப்பிப் புழுவைத் தேடச் சொல்லுங்கள், அதுவும் அறிவியல் பாடம்தான். பூச்சிமருந்து பக்கமே போகாதீர்கள். வெள்ளி மாலை நன்றாகத் தண்ணீர் விட்டு, வேரடியில் வைக்கோல் பரப்பினால் திங்கள்வரை ஈரம் தாங்கும்.

5. பறிப்பும் சாப்பாடும். சிறுகீரையை வேரோடு பிடுங்குவோம். அரைக்கீரை கிள்ளக் கிள்ளத் தழையும், அடுத்த தடவை அதையும் போடுங்கள். மூன்று தண்ணீரில் அலசி, சத்துணவு அமைப்பாளரிடம் முன்கூட்டியே பேசிவைத்துப் பருப்போடு கடையச் சொல்லுங்கள். கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சை, நெல்லிக்காய் போன்ற புளிப்பு உதவும் என்பதை அப்போது சொன்னால் மனதில் நிற்கும். வேண்டாம் என்கிற பிள்ளையை வற்புறுத்தாதீர்கள், பக்கத்தில் இருப்பவன் சாப்பிடுவதைப் பார்த்து நாளைக்குக் கேட்பான்.

ஒரு பாத்தி பள்ளி முழுவதற்கும் காணாது. பத்து நாள் இடைவெளியில் இன்னொரு பாத்தி விதைத்து, வேறொரு வகுப்பிடம் கொடுத்துவிடுங்கள். விதைப்பை ஜூன் கடைசியிலோ ஆடியிலோ வைத்துக்கொண்டால் ஐப்பசி அடைமழை விதையை அடித்துக்கொண்டு போகும் முன்னே இரண்டு மூன்று பறிப்பு பார்த்துவிடலாம்.