ரௌட்டரின் துளையில் ஊசியை வைக்கும் முன்

வீட்டுக் கணினிகளில் இணைய இணைப்பைச் சரிசெய்யக் கற்றுக்கொள்வதற்காக என்னிடம் வருகிற இளைஞர்கள், தொடக்க காலத்தில் நான் செய்த பிழைகளையே ஏறத்தாழ அதே வரிசையில் செய்வதைப் பார்க்கிறேன். வயர் கழன்றிருக்கிறதா, விமானப் பயன்முறை இயங்குகிறதா என்பவற்றை அவர்களே ஒரு வாரத்தில் பழகிக்கொள்கிறார்கள். ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன்.

எடுத்த எடுப்பில் ரீசெட் செய்வது

ரௌட்டரை நிறுத்தி, அரை நிமிடம் கழித்து மீண்டும் இயக்குவது ரீஸ்டார்ட். அதனால் எந்த அமைப்பும் அழியாது. பின்புறமுள்ள சிறு துளையில் ஊசியை விட்டுச் சில நொடிகள் அழுத்திப் பிடிப்பது ரீசெட். அது பெட்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே கொண்டுபோய்விடும். பல ஃபைபர் இணைப்புகளில், சேவை நிறுவனம் கொடுத்த பிபிபிஓஇ (நிறுவனத்தின் வலையில் உள்நுழையும் முறை) பயனர்பெயர், கடவுச்சொல், விலான் எண் (இணையப் போக்குவரத்தைப் பிரித்தறிய நிறுவனம் தரும் எண்) ஆகியவை அந்தப் பெட்டிக்குள்தான் பதிந்திருக்கின்றன. அவை போனால் இணைப்பே போகும். வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் சேர்ந்து அழிவதால் பிரிண்டர், தொலைக்காட்சி, கேமரா என எல்லாவற்றையும் மறுபடி இணைக்க வேண்டியிருக்கும்.

ஒரு கணக்காளர் வீட்டில் நான் இதைச் செய்தேன். வருமான வரிக் கணக்குகளைத் தாக்கல் செய்யும் அவசரத்தில் எல்லாரும் இருக்கிற ஜூலை மாதக் கடைசி, சனிக்கிழமை மாலை. மடிக்கணினியில் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றார். அதே வைஃபையில் தன் கைப்பேசி நன்றாக வேலை செய்வதாக அவருடைய மகள் சொன்னாள். நான் அதைக் காதில் வாங்காமல் ஊசியை எடுத்தேன். அடுத்த நிமிடம் கைப்பேசியிலும் இணையம் நின்றது. முந்தைய நாள்தான் வேறு நிறுவனத்துக்கு மாறியிருந்தார்; இணைப்பைப் பொருத்தியவர் பயனர்பெயரை எழுதிக் கொடுத்திருக்கவில்லை. ஆள் வந்து மீண்டும் அமைத்துத் தரத் திங்கட்கிழமை மதியம் ஆயிற்று. அதன் பிறகும் மடிக்கணினியில் தளங்கள் திறக்கவில்லை.

கோளாறு மடிக்கணினிக்குள் இருந்தது. பழைய நிறுவனத்தின் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சர்வர்) முகவரியை யாரோ அதில் கையால் பதிந்து வைத்திருந்தார்கள். சேவை நிறுவனங்களின் டிஎன்எஸ் சர்வர்கள் பெரும்பாலும் தம் வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே பதில் தரும் என்பதால், நிறுவனம் மாறியதும் அந்த முகவரி பயனற்றுப் போயிருந்தது. தானாகப் பெறும்படி மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த மகள் சொன்னதை நான் கேட்டிருந்தால் அவருக்கு இரண்டு நாள் வேலை கெட்டிருக்காது.

ஆகவே முதலில், கோளாறு ஒரு கருவியில் மட்டுமா, எல்லாவற்றிலுமா என்று கேளுங்கள். எல்லாவற்றிலும் என்றால் ஃபைபர் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் இழை வழியே ஒளி வந்து சேரவில்லை என்று பொருள், அதை உள்ளமைப்பு எதையும் மாற்றிச் சரிசெய்ய முடியாது. ஒரு கணினியில் மட்டும் என்றால், கட்டளைச் சாளரத்தில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்ற கட்டளையைக் கொடுத்து அதன் முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரௌட்டரிடமிருந்து அதற்கு முகவரியே கிடைக்கவில்லை. சரியான முகவரி இருந்தால், டீஃபால்ட் கேட்வே என்று காட்டும் ரௌட்டர் முகவரிக்கும் (பல வீடுகளில் 192.168.1.1), பிறகு வெளியே இணையத்திலுள்ள 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கும், கடைசியில் ஒரு தளத்தின் பெயருக்கும் பிங் (ping, மறுமுனையிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) செய்யுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து, பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தால், டிஎன்எஸ்ஸைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ரீசெட் தவிர வேறு வழியே இல்லாத நிலையும் வரும். அப்போதும் பயனர்பெயர், கடவுச்சொல், விலான் எண் மூன்றையும் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிய பிறகே துளையைத் தொடுங்கள். அமைப்புப் பக்கத்தைப் படமெடுத்து வைத்தால் போதும் என்று எண்ணாதீர்கள். பெரும்பாலான ரௌட்டர்கள் கடவுச்சொல்லைப் புள்ளிகளாகத்தான் காட்டும்.

விண்டோஸின் நெட்வொர்க் ரீசெட்

இதுவும் அதே குணம் கொண்டது. கணினியை வலையில் இணைக்கும் நெட்வொர்க் அடாப்டர்கள் அனைத்தையும் நீக்கி மீண்டும் நிறுவுவதால், வீட்டிலிருந்து அலுவலக வலையில் நுழைய உதவும் விபிஎன் மென்பொருளைத் திரும்ப அமைக்க நேரிடலாம்.

ஒரே நேரத்தில் மூன்று மாற்றங்கள்

எது சரிசெய்தது என்று ஒருபோதும் தெரியாது.

வேகக் குறைவுக்கு நிறுவனத்தைக் குறை கூறுவது

முதலில் வைஃபையை விட்டு, கணினியைக் கேபிளால் ரௌட்டரில் இணைத்து வேகத்தை அளந்து பாருங்கள். அதைவிட வேகமான திட்டம் இருந்தும் கேபிளிலும் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை என்றால் அந்தக் கேபிளையே மாற்றிப் பார்க்க வேண்டும்: கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்கு உள்ளிருக்கும் 8 கம்பிகளும் தேவை, 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 4 போதும். ஆகவே ஒரு கம்பி அறுந்தாலும் இணைப்பு நிற்காமல் வேகம் மட்டும் இறங்கிவிடக்கூடும்.

கணினியின் தேதியைப் பாராமல் விடுவது

தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான தளங்களின் சான்றிதழ்களை உலாவி ஏற்காது; பழைய மேசைக் கணினிகளில், அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டும், மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள்.