குங் பாவ் சிக்கனில் நெஞ்சுக்கறி வறண்டுபோகாமல் இருக்க

சீனாவின் சிச்சுவான் மாகாண முறையில், காய்ந்த மிளகாயும் வேர்க்கடலையும் சேர்த்து வதக்கும் குங் பாவ் சிக்கன் செய்யும்போது, சிறு துண்டுகளாக நறுக்கிய கால் கிலோ நெஞ்சுக்கறியுடன் ஒரு தேக்கரண்டி கார்ன்ஃப்ளார், இரண்டு தேக்கரண்டி சோயா சாஸ், சிறிது தண்ணீர் சேர்த்துப் பிசறி, 20 நிமிடம் ஊறிய பிறகே வாணலியில் இடுங்கள். சோயா சாஸின் உப்பு கறிக்குள் நீரைத் தக்கவைக்கிறது. மாவு சூட்டில் வெந்து மெல்லிய உறையாகப் படிவதால் சாறு வெளியேறுவது குறைவதோடு, காரமான சாஸும் துண்டுகளில் வழுக்காமல் ஒட்டிக்கொள்கிறது. வீட்டு அடுப்பின் தணல் போதாது என்பதால், கறியை இரண்டு தடவையாகப் பிரித்து வதக்குவது நல்லது. மொத்தமாகக் கொட்டினால் நீர்விட்டு வெந்துவிடும். கொழுப்புள்ள தொடைக்கறிக்கு இப்படி மாவில் பிசறி ஊறவைப்பது அவ்வளவாகத் தேவையில்லை. எலும்போடு நெடுநேரம் கொதிக்கும் குழம்புக்கோ, மாவு கரைந்து குழம்பைக் கொழகொழப்பாக்கிவிடும் என்பதால், அறவே பொருந்தாது.