முதுகு வலிக்காமல் லோக்கல் ரயிலில் போக

செங்கல்பட்டிலிருந்து சென்னைக் கடற்கரை ரயில் நிலையம் வரை கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர். டிஸ்க் தேய்ந்த முதுகோடு தினமும் போய்வருகிறேன். எங்கே உட்காருகிறோம் என்பதில்தான் பாதி வலி இருக்கிறது.

முதலில் பெட்டி. கூரைமேல் மின்கம்பியைத் தொடும் சட்டம் இருந்தால் அது மோட்டார் பெட்டி. இரைச்சலும் அதிர்வும் அதிகம். அதற்கு அடுத்த பெட்டியில் ஏறுங்கள். ஏறியதும் பெட்டியின் நடுப்பகுதிக்கு வாருங்கள். சக்கரங்கள் இரு முனைகளின் அடியில்தான் இருக்கின்றன. முனையில் உட்கார்ந்தால் தண்டவாளம் பிரியும் இடங்களில் ஒவ்வொரு 'டடக்'கும் நேராக இடுப்பில் இறங்கும். நடுவில் அது மெல்லிய ஆட்டமாகத்தான் வந்து சேரும்.

இருக்கை மெத்தையில்லாதது. பழைய பருத்தித் துண்டை நான்காக மடித்து இடுப்பு வளைவுக்குப் பின்னால் வையுங்கள். உட்காருமிடத்தில் போட்டால் வழுக்கும். பாதம் இரண்டும் தரையில் பதியட்டும். பையை மடியில் வைக்காதீர்கள், மேல்தட்டில் வையுங்கள்.

காலையில் வடக்கே போகும்போது வெயில் வலப்பக்கம். மாலையில் தெற்கே திரும்பும்போதும் வலப்பக்கம்தான். இரண்டு வேளையும் இடப்பக்கமே உட்காருங்கள். கர்ப்பிணியோ முதியவரோ வந்தால் அந்த நடு இருக்கையை அவர்களுக்குக் கொடுங்கள். அவர்கள் இடுப்புக்குத்தான் அது முதலில் வேண்டும்.