பரொட்டிட்: பொருள், உச்சரிப்பு, இருப்பிடம்

பரொட்டிட் (parotid) என்பது ஓர் உமிழ்நீர்ச் சுரப்பியின் ஆங்கிலப் பெயர். காதை ஒட்டிய உடற்கூறியல் சொற்களில் பலரை உச்சரிப்பில் தடுமாற வைப்பது இது. பாரடாய்டு, பாரோடைட் என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். பாராதைராய்டு என்று படிப்பவர்களும் உண்டு. அது கழுத்தில் இருக்கும் வேறு சுரப்பி.

படி 1: சொல்லைப் பிரியுங்கள்

கிரேக்க மொழியில் ‘பாரா’ என்றால் அருகில். ‘ஓட்’ காதைக் குறிக்கும் வேர். ஆக, காதருகே இருப்பது. உமிழ்நீர்ச் சுரப்பிகளில் இதுவே பெரியது. காதுக்கு முன்னும் கீழுமாகப் பக்கத்துக்கு ஒன்று. காதுக்குள் பார்க்கும் ஓட்டோஸ்கோப்பிலும் அதே வேர்தான். ஒலி ஒத்திருப்பதால், கழுத்து வழியே தலைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் ‘கரொட்டிட்’ தமனியையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அது ஆழ்ந்த மயக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

படி 2: வாய்விட்டுச் சொல்லுங்கள்

எல்லோரும் இடறுவது இங்கேதான், அதற்கு நம் எழுத்தும் ஒரு காரணம். ‘பரோடிட்’ என்று எழுதினால், இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே நிற்கும் டகரத்தை ‘ஓடு’ என்பதில் வருவதுபோல் மெலித்தே படிப்போம். ஆங்கில உச்சரிப்பில் அது வல்லொலி. அதனால் ‘ட்டி’ என்று இரட்டித்து எழுதுவதே எனக்குப் பிடிக்கும். ஆனால் வாசிக்கும்போது டகரத்தில் தங்க வேண்டாம், தட்டிவிட்டு நகருங்கள். ‘ரோ’ என்ற நெடிலும் வேண்டாம். பிரிட்டிஷ் உச்சரிப்பில் அது குறில்.

ப – ரொட் – டிட். அழுத்தம் முழுவதும் நடு அசையில். முதல் ‘ப’ கேட்டும் கேட்காமலும் போக வேண்டும். கடைசி ஒலி மட்டும் மெலிந்த டகரம். அதைக் காட்ட ‘டு’ என்று எழுதினால் ஓர் உகரம் கூடவே ஒட்டிக்கொள்ளும். எழுத்தில் இதற்கு மேல் துல்லியம் கிடைக்காது. ஆகவே ஒலிப்பதிவு உள்ள அகராதியைத் திறந்து காதால் கேளுங்கள். கைப்பேசியின் இயந்திரக் குரலை நான் நம்புவதில்லை, மருத்துவச் சொற்களில் அது அழுத்தத்தை அடிக்கடி இடம் மாற்றிவிடுகிறது.

படி 3: தொட்டுப் பாருங்கள்

பல்லைக் கடியுங்கள். கன்னத்தின் பின்பகுதியில் ஒரு தசை புடைக்கும். கன்ன எலும்புக்கு ஒரு விரல்கடை கீழே, அந்தத் தசையின் முன்விளிம்பில் விரல் நுனியை மேலும் கீழும் மெல்ல உருட்டினால் மெல்லிய நாண்போல் ஒன்று நழுவும். அதுதான் சுரப்பியின் நாளம். டென்மார்க்கைச் சேர்ந்த உடற்கூறியலாளர் நீல்ஸ் ஸ்டென்சன் 1660இல் ஓர் ஆட்டின் தலையை அறுத்துப் பார்த்தபோது கண்டது. இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. நாளம் வாய்க்குள் திறக்குமிடம் மேல்வரிசையின் இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு நேர் எதிரே. கன்னத்தின் உட்புறத்தை நாக்கால் துழாவினால் சிறு மேடு தட்டுப்படும். சுரப்பியோ மென்மையானது, நலமாக இருக்கும்போது விரலுக்குச் சுலபமாகப் பிடிபடாது. பொன்னுக்கு வீங்கி வந்தால் பார்த்தாலே தெரியும்: தாடைக்கும் காதுக்கும் இடையிலான பள்ளம் நிரம்பி, காதுமடலின் கீழ்நுனி மேலே தூக்கி நிற்கும்.

பிற்சேர்க்கை: இந்தச் சுரப்பியின் அழற்சிக்கான சொல்லையும் (parotitis) இப்படியே சொல்லலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். முடியாது. அங்கே அழுத்தம் ‘டை’க்குத் தாவுகிறது, முதல் அசையும் விரிகிறது: பேர – டை – டிஸ். ‘பாரோடைட்’ என்ற பிழை கிளம்புவதும் பெரும்பாலும் இந்தச் சொல்லிலிருந்துதான் என்பது என் ஊகம்.