பவர் விண்டோ சுவிட்ச்: புதுசு வாங்கும் முன் மீட்டரை எடுங்கள்

பழைய காரில் கண்ணாடி ஏறவில்லை என்றால் பழி முதலில் சுவிட்சின் மேல்தான் விழும். பல நேரம் அது உண்மையும்கூட. ஆனால் சுவிட்ச் சும்மா கெடுவதில்லை. மாருதி எஸ்டீம், டபிள்யூ124 வரிசை பென்ஸ் போன்ற கார்களில் ஒன்-டச் வசதி (ஒரு தட்டில் கண்ணாடி முழுவதும் ஓடுவது) இல்லாத கதவுகளில் மோட்டாருக்குப் போகும் கரண்ட் முழுவதும் சுவிட்சுக்குள் இருக்கும் சின்னக் காண்டாக்டை, அதாவது தொட்டுக் கரண்ட் கடத்தும் உலோக முனையை, தாண்டித்தான் போகிறது. கிளாஸ் சேனல் (கண்ணாடி சறுக்கி ஏறி இறங்கும் பள்ளம்) ரப்பர் இறுகினால் மோட்டார் திணறும், கரண்ட் கூடும், காண்டாக்ட் கருகும். சேனலைக் கவனிக்காமல் புது சுவிட்ச் போட்டால் அதற்கும் அதே கதிதான்.

பெங்களூரில் சாயங்கால மழை வரும் நேரம் கண்ணாடி கீழேயே நின்றுவிட்டால் முதலில் அதை மேலே ஏற்றுங்கள், ஆராய்ச்சி அப்புறம். டோர் பேடை (கதவின் உள்பக்க மூடியை) கழற்றி மோட்டார் கப்ளரை (ஒயர் இணைப்பானை) பிரித்து, பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்த இரண்டு ஒயரை மோட்டாரின் இரண்டு பின்னில் தொடுங்கள். கண்ணாடி கீழே இறங்கப் பார்த்தால் ஒயரை மாற்றிப் பிடித்தால் போதும்.

இனி சோதனை. ஃப்யூஸ் நன்றாக இருந்தால், இக்னிஷனைப் போட்டு, ரூஃப் லைட்டை எரியவிட்டு சுவிட்சை அழுத்துங்கள். லைட் லேசாக மங்கினால் மோட்டாருக்குக் கரண்ட் போகிறது. கண்ணாடியோ மோட்டாரோ இறுகி நிற்கிறது. அசையாமல் எரிந்தால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. ஏறுகிறது, இறங்கவில்லை, அல்லது இறங்குகிறது, ஏறவில்லை என்றால் மோட்டாரைத் தொடவே வேண்டாம். குற்றவாளி கிட்டத்தட்ட நிச்சயமாகச் சுவிட்ச்தான்.

இது ஏன் என்பது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. இந்த வகைச் சுவிட்சில் சும்மா இருக்கும்போது மோட்டாரின் இரண்டு ஒயரும் எர்த்தில் நிற்கும். ஒரு பக்கம் அழுத்தினால் ஒரு ஒயர் மட்டும் 12 வோல்ட்டுக்குத் தாவும், மற்றது எர்த்திலேயே இருக்கும். ஆகவே கண்ணாடி நகர இரண்டு காண்டாக்டும் சுத்தமாக இருக்க வேண்டும். பல கார்களில் பயணி பக்கக் கதவின் எர்த், டிரைவர் பக்க மாஸ்டர் சுவிட்ச் வழியாகத்தான் வருகிறது. பயணி பக்கச் சுவிட்சை இரண்டு தடவை மாற்றியும் பலன் இல்லை என்று புலம்புகிறவர்கள் மாஸ்டரைத் திறந்து பார்க்காதவர்களாகவே இருப்பார்கள்.

மல்டிமீட்டரை இருபது வோல்ட் டிசியில் வைத்து, கப்ளர் மாட்டியபடியே மோட்டாரின் இரண்டு ஒயருக்கு நடுவே அளங்கள். சுவிட்சை அழுத்தும்போது 11 வோல்ட்டுக்கு மேல் வந்தும் மோட்டார் ஓடவில்லையென்றால் கோளாறு மோட்டாரில் அல்லது சேனலில். எட்டு, ஒன்பது வோல்ட்தான் வருகிறதென்றால் வழியில் எங்கோ வோல்ட் தொலைகிறது: சுவிட்சின் சப்ளை பின்னுக்கும் மோட்டாருக்கு ஒயர் போகும் பின்னுக்கும் நடுவே, அழுத்தியபடியே அளங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் காண்டாக்ட் கருகியிருக்கிறது. எர்த் பக்கத்தையும் இதேபோல் அளக்க மறக்காதீர்கள். கதவைப் பாதி திறந்தால் மட்டும் வேலை செய்கிறதா? கதவுக் கீல் இருக்கும் தூணுக்கும் கதவுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயில் ஒயர் முறிந்திருக்கும். சற்று நேரம் ஓய்வு கொடுத்தால் திரும்ப ஓடுகிறதா? மோட்டாருக்குள் இருக்கும் வெப்பக் கட்-ஆஃப் வேலை செய்கிறது, சுவிட்ச் நிரபராதி.

சுவிட்சைக் கழற்றும் முன் பேட்டரி நெகட்டிவை எடுங்கள். பழைய ரேடியோ இருந்தால், பேட்டரியைத் திரும்ப மாட்டியதும் அது கேட்கக்கூடிய ரகசிய எண் (code) கையில் இருக்கட்டும். டபிள்யூ124-ல் சுவிட்ச் கியருக்குப் பக்கத்தில், மரத் தகடு போர்த்திய கன்சோலில் இருக்கிறது. அந்தத் தகட்டில் ஸ்க்ரூடிரைவரை நுழைத்தால் விரிசல்தான் மிச்சம். பிளாஸ்டிக் நெம்பு வேண்டும். சுவிட்சைத் திறக்கும் வேலையை ஒளி ஊடுருவும் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கைவிட்டுச் செய்யுங்கள்: மூடி கழன்றதும் கடுகைவிடச் சற்றே பெரிய ஸ்ப்ரிங்கும் எஃகு உருண்டையும் தெறிக்கும். பிளாஸ்டிக் பூட்டுகள் வயதால் நொறுங்கும் நிலையில் இருந்தால் ஹேர் டிரையரால் லேசாகச் சூடேற்றிவிட்டு நெம்புங்கள்.

உள்ளே கறுப்புப் படிவு மட்டும் என்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பஞ்சுக்குச்சியும் போதும். குழி விழுந்திருந்தால் 2000 நம்பர் உப்புத்தாளால் இரண்டு மூன்று தடவை தடவினால் சரி, அதற்கு மேல் தேய்க்காதீர்கள். மேலிருக்கும் வெள்ளிப் பூச்சு மெல்லியது. செம்பு சிவப்பாக எட்டிப்பார்த்தால் அந்தச் சுவிட்சின் ஆயுள் முடிந்தது. ராக்கர் (விரலால் அழுத்தும் பட்டை) ஆடும் இடத்தில் மட்டும் துளி சிலிக்கான் கிரீஸ். வாசலின் வேண்டவே வேண்டாம், வெயிலில் உருகி காண்டாக்டில் வழியும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பெங்களூரில் புதுசுக்கு ஜே.சி. ரோடு, பழசுக்குச் சிவாஜிநகர் காயலான் கடைகள். மாதிரியைக் கையில் கொண்டுபோய், அடியில் பொறித்த பார்ட் நம்பரையும் பின் அமைப்பையும் ஒப்பிடுங்கள். கடையிலேயே மீட்டர் வைத்துப் பாருங்கள்: சும்மா இருக்கையில் மோட்டாருக்கு ஒயர் போகும் பின் இரண்டும் எர்த் பின்னோடு இணைந்திருக்க வேண்டும்; அழுத்தினால் ஒன்று மட்டும் சப்ளைக்கு மாற வேண்டும். இதில் தேறியும் ஏமாற்றும் சுவிட்ச் உண்டு, ஏனென்றால் மீட்டர் விடும் கரண்ட் மிகச் சொற்பம். வீட்டில் 60 வாட் ஹெட்லைட் பல்பைச் சுவிட்ச் வழியாக எரித்துப் பாருங்கள். சுமார் ஐந்து ஆம்பியர் பாயும்போதுதான் சுவிட்சின் யோக்கியதை தெரியும்.

சேனலைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, காய்ந்தபின் சிலிக்கான் ஸ்ப்ரே அடியுங்கள். எஞ்சின் ஆயிலோ கிரீஸோ ரப்பரை உப்ப வைக்கும். ரப்பர் கல்லாகிவிட்டிருந்தால் மாற்றுவது தவிர வழியில்லை. டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஒயரில் மாட்டினால் (மலிவானவற்றில் பல ஏசி மட்டுமே அளக்கும்) கண்ணாடி தங்குதடையின்றி ஏறும்போது பெரும்பாலும் பத்து ஆம்பியருக்குள்தான் காட்டும்.

ஒரிஜினல் சுவிட்சைக் காப்பாற்ற நினைப்பவர்கள் ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஐந்து பின் 12 வோல்ட் ரிலே (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டை இயக்கும் சுவிட்ச்) இரண்டு போடலாம். எஸ்.பி. ரோடிலும் கிடைக்கும். ஒவ்வொரு ரிலேயிலும் (எண்கள் அதன் பின்களின் பெயர்கள்) 30 மோட்டாரின் ஒரு ஒயருக்கு, 87ஏ எர்த்துக்கு, 87 ஃப்யூஸ் வழியே பேட்டரிக்கு, 85 எர்த்துக்கு, 86 சுவிட்சிலிருந்து மோட்டாருக்குப் போய்க்கொண்டிருந்த பழைய ஒயருக்கு. மோட்டார், பேட்டரி, எர்த் பக்கம் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போடுங்கள். தவறி இரண்டு ரிலேயும் ஒன்றாக இழுத்தாலும் ஷார்ட் ஆகாது, மோட்டார் நிற்கும், அவ்வளவுதான். ரிலேயைக் கதவுக்குள் வைக்காதீர்கள். மழைத்தண்ணீர் கண்ணாடியோடு இறங்கும் இடம் அது. கன்சோலுக்கு அடியில் வையுங்கள்.